ஏழாம் நம்பர் போன்

போத்தனூர்
12 ஜூன் 2025

அன்புள்ள பிரத்யுஷா அக்காவுக்கு,

இல்யாஸ் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சண்டைக்கு வரவில்லை, வேலையாக எழுதுகிறேன்.

நாம் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. உங்கள் வீட்டு ஹாலில், வந்தவர் போனவர் எல்லோர் முன்னாலும், நான் எழுதிய புரோகிராமைச் சூதாட்டப் பெட்டி என்றீர்கள். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். உங்கள் அம்மா, ராமாமணி பெரியம்மா போட்ட காபி. அதை வைத்துவிட்டு வந்தது மட்டும் இன்னும் உறுத்துகிறது. என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் வருகிறேன். நான் பெரியப்பா என்று கூப்பிடுகிற உங்கள் நைனாவும் இதைத்தான் சொன்னார்: "பாப்பா கம்பெனி செகரட்டரி கண்ணு. வாயில கேட்டா வாயிலதான் பதில் வரும். எழுத்துல கேளு."

விஷயம் இதுதான். அந்தப் பெட்டி ஒன்றரை வருஷமாக என் சொந்தக் கணக்கில் டாலரை வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ரூபாய் ஏறுவதையும் இறங்குவதையும் அதுவே பார்க்கும், அதுவே வாங்கும், அதுவே விற்கும். நான் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது எப்படியோ வெளியே தெரிந்து, நூல் வியாபாரிகள், பம்ப் ஏற்றுமதி செய்கிறவர்கள் என்று பன்னிரண்டு பேர் எங்களுக்கும் ஓட்டிக் கொடுங்க என்கிறார்கள். மோசம் பண்ணுகிற எண்ணம் எனக்கு இல்லை. அத்தா உங்கள் மில்லில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றினவர். ஒரு மோட்டார் திரும்பி வந்தால் ராத்திரி சோறு இறங்காது அவருக்கு. நான் பஷீர் மகன்.

சட்டப்படி இதைச் செய்ய எத்தனை வழி இருக்கிறது, எந்த வழி எனக்கு எட்டும் என்று எழுதுங்கள். திட்டுவதானால் கடைசியில் திட்டுங்கள், முதலில் வழியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இல்யாஸ்

*

சென்னை
20 ஜூன் 2025

இல்யாஸுக்கு,

நீ கேட்டது கருத்துரை. அதை மட்டும் தருகிறேன். கட்டணம் வேண்டாம், நைனா சொல்லியிருக்கிறார்.

முதலாவது, வெளிநாட்டு ஆப். அதில் ஆட்களைச் சேர்த்துவிட்டால் கமிஷன் தருவதாக உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. இந்தியாவில் இருக்கிறவர்கள் அங்கே பணம் கட்டி நாணய வியாபாரம் செய்வது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, மற்றவர் பணத்தை நீ வாங்கி நிர்வகிப்பது. அதற்கு செபியில் பதிவு வேண்டும். சொந்த மூலதனம் ஐந்து கோடி காட்ட வேண்டும். நம் இரண்டு பேர் குடும்பத்தையும் தராசில் ஏற்றினாலும் அது வராது.

மூன்றாவது, புரோகிராமை ஒரு தரகு நிறுவனம் வழியாகக் கொடுப்பது. இந்த வருஷம் பிப்ரவரியில் செபி போட்ட சுற்றறிக்கை இதைப் பற்றியது. நீ பங்குச் சந்தையில் உன்னைப் பட்டியலிட வேண்டும், புரோகிராமையும் பதிவு செய்ய வேண்டும். உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்பதைக் காட்ட மாட்டேன் என்றால் ஆய்வாளராகத் தனியாகப் பதிய வேண்டும். உனக்கு எட்டுகிற வழி இது ஒன்றுதான். மாதக்கணக்கில் ஆகும்.

நான்காவது, யாருக்காக ஓட்டுகிறாய் என்பது. டாலரில் நிஜமாக வரவோ செலவோ உள்ளவர்கள் மட்டும்தான் இந்தச் சந்தைக்குள் வரலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஏற்றுமதி செய்கிறவர் சரி. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் கூடாது. டாலரில் வரவு இல்லையென்றால் நீயும் கூடாது.

ஐந்தாவது, கணக்கு அவரவர் பெயரிலேயே இருந்தாலும், ஒவ்வொரு நாளும் உள்ளே நுழையும்போது வருகிற ஓடிபி வாடிக்கையாளரின் கைக்குத்தான் வர வேண்டும். அவர்தான் அதைப் போட வேண்டும். அவருடைய பாஸ்வேர்டை நீ வாங்கக் கூடாது, அவருடைய போனைத் தொடக் கூடாது. இதற்கு விலக்கே கிடையாது.

கருத்துரை இவ்வளவுதான். ஒரு விஷயம் தனியாகச் சொல்கிறேன். நைனா வெளிநாட்டு நூலை டாலரில் வாங்குகிறவர், நீ கேட்டால் மறுக்க மாட்டார். அவரை இதில் இழுக்காதே.

பிரத்யுஷா

*

போத்தனூர்
28 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கருத்துரையை மூன்று தடவை படித்தேன். தெளிவாக இருந்தது. மூன்றாவது வழிதான் என்று முடிவு செய்து ஒரு தரகு நிறுவனத்தில் மனுக் கொடுத்துவிட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது. செபி ஒரு தேதி சொல்கிறது, சந்தை ஒரு தேதி சொல்கிறது, தரகு ஆபீசில் இருக்கிற பெண் "இன்னும் நாலு மாசம் ஆகுமுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கேட்ட பன்னிரண்டு பேருக்கும் அதைச் சொன்னேன். "ஏனுங்க தம்பி, நம்ம ஊட்டுப் பையன் நீ, உனக்கெதுக்கு இந்தக் காயிதமெல்லாம்?" என்கிறார்கள். இந்த ஊரில் முகம் பார்த்துத்தான் எதையும் கொடுக்கிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இருந்தாலும் காத்திருக்கிறேன். காத்திருக்கிற நேரத்தில் ஆபீசாவது ஆபீஸ் மாதிரி இருக்கட்டும் என்று காந்திபுரம் போய் ஒரு இரும்பு ஷூ ராக்கும், பத்து ஓட்டை உள்ள பிளக் போர்டு இரண்டும் வாங்கி வந்தேன்.

பெரியப்பா நன்றாக இருக்கிறார். காலையில் வெள்ளலூர் ரோட்டில் இருக்கிற நூல் குடோனுக்குப் போகும்போது இங்கே நின்று ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போகிறார். உங்களைப் பற்றித்தான் பேசுவார்.

இல்யாஸ்

*

சென்னை
30 செப்டம்பர் 2025

இல்யாஸுக்கு,

நைனாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஆபீஸ் போகிறேன். சாப்பிடுகிறேன். அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று அம்மாவுடைய தங்கை சொல்கிறார், அதற்கு நான் என்ன செய்ய?

உனக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று குடோனில் நைனாவை முதலில் பார்த்தது நீ. ஆம்புலன்சில் கூடவே போனது நீ. நான் விமானத்தில் வந்து சேர்ந்தபோது அவருடைய கடிகாரம், கண்ணாடி, போன் எல்லாம் போட்ட மஞ்சள் பையை என் கையில் கொடுத்ததும் நீ. அந்த நேரத்தில் உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. நமக்குள் இருந்த பழைய சண்டை எதைப் பற்றி என்பதே எனக்கு இப்போது சரியாக நினைவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நைனா போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்கும் எனக்கும் போனில் வாக்குவாதம். குடோனை விற்றுவிட்டு வீட்டில் இருங்கள் என்றேன். "ஊட்டுல உக்காந்து செவுத்தப் பாக்கறதுக்கா பாப்பா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். திங்கள், செவ்வாய், புதன் நானும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை, பதினோராம் தேதி, கூப்பிட்டேன். 2.10, 2.31, 2.50. மூன்று தடவையும் முழுதாக அடித்து நின்றது. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து வேறு வேலையைப் பார்த்தேன்.

டாக்டர் சொன்னார், நெஞ்சு வலி இரண்டு மணி வாக்கில் வந்திருக்கும், மூன்று மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று. லோடு இல்லாத நாள், குடோனில் வேறு யாரும் கிடையாது. நைனா மேஜையிலிருந்து வாசல்வரை தரையிலேயே நகர்ந்து வந்திருக்கிறார். வேட்டி முழுக்கப் பஞ்சுத் தூசி. ஒரு மணி நேரம் இருந்திருக்கிறது. ஒருவருக்கும் போன் செய்யவில்லை. நான் கூப்பிட்டதையும் எடுக்கவில்லை. போன் கையில் இருக்கும்போது எதற்காக வாசலுக்கு நகர வேண்டும்? யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒரு காரணம்தான் தோன்றுகிறது. சாகிற நேரத்தில்கூட என்னிடம் பேச அவருக்குப் பிடிக்கவில்லை.

நீ பார்த்தபோது போன் அவர் கையில் இருந்ததா, பையில் இருந்ததா?

பிரத்யுஷா

*

போத்தனூர்
7 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன் சட்டைப் பையில் இருந்தது. சைலன்டில் இருந்திருக்கும். வலியில் எடுக்க முடியாமல் போயிருக்கும்.

உங்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியம்மாவைப் போய்ப் பார்த்து வருகிறேன். போன வாரம் என் அம்மா ஆமினா பீவியும் கூட வந்தார்கள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தார்கள். பெரியப்பாவின் போனைப் பெரியம்மா தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறார்கள்.

எனக்கு வேறு எழுத ஓடவில்லை.

இல்யாஸ்

*

சென்னை
25 அக்டோபர் 2025

இல்யாஸுக்கு,

தீபாவளிக்குக் கோவை போயிருந்தேன். எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. சும்மா இருக்க முடியாமல் நைனாவின் கணக்குகளை முடிக்க உட்கார்ந்தேன். வங்கி, இன்ஷூரன்ஸ், எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் நகல் வைத்து அனுப்பினேன். நாணய வியாபாரத்துக்கு என்று ஒரு தரகுக் கணக்கு நைனா பெயரில் இருந்தது. ஜூலையில் திறந்தது. எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

அதன் விவரத்தை வரவழைத்தேன். செப்டம்பர் பதினொன்று அன்று நைனா காலை 9.02-க்கு ஓடிபி போட்டு உள்ளே நுழைந்திருக்கிறார். நைனாவுக்கு ஓடிபி என்றால் என்னவென்று தெரியாது. கேஸ் சிலிண்டர்காரருக்குக்கூட அம்மாதான் அதைப் படித்துச் சொல்வார். 3.12-க்கு டாலர் வாங்கியிருக்கிறார். 3.40-க்கு விற்றிருக்கிறார். 4.05, 4.18, 4.41. இறந்த பிறகு என் நைனா ஐந்து தடவை வியாபாரம் செய்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு லாபம்.

அதன் பிறகு போனை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். சைலன்டில் இல்லை. மணிச் சத்தம் முழுதாக வைத்திருக்கிறது, காது கேட்காதவர் வைத்துக்கொள்வதைப் போல. நைனாவின் போன் மத்தியானத்துக்கு மேல் தாங்காது, பேட்டரி போய்விட்டது என்று அம்மா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று இரவு நீ கொடுத்தபோது அதில் அறுபது சதவீதம் இருந்தது. அப்போதே பார்த்தேன், அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கவரைக் கழற்றினால் பின்பக்கம் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அதில் பேனாவால் 7 என்று எழுதியிருக்கிறது. உன் ஏழு எனக்குத் தெரியும், நடுவில் கோடு போடுவாய்.

ஷூ ராக்கும் பிளக் போர்டும் வாங்கியதாக எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன்.

ஒரே கேள்விதான். பிற்பகல் இரண்டு மணிக்கு இந்தப் போன் எங்கே இருந்தது?

நீ பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதினால் அதை நான் உனக்கு எதிராகப் பயன்படுத்தலாம். சட்டம் படித்தவள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரத்யுஷா

*

போத்தனூர்
2 நவம்பர் 2025

அக்காவுக்கு,

என் ஆபீசில் இருந்தது. ராக்கில் இரண்டாவது தட்டில், இடமிருந்து மூன்றாவதாக.

முழுதையும் எழுதிவிடுகிறேன். தரகு ஆபீசில் நாலு மாதம் என்றார்கள். பன்னிரண்டு பேரும் காத்திருக்க மாட்டோம் என்றார்கள். யாராவது ஒருத்தர் காகிதம் இல்லாமல் முடியாது என்று சொல்லியிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். ஆனால் எல்லோருக்கும் நம்பிக்கை. ஓடிபி தினமும் உங்கள் கையில்தான் வரும், நீங்கள்தான் போட வேண்டும் என்று நான் சொன்னபோது, முதல் ஆள் தன் பழைய போனில் சிம்மைப் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டு, "நீயே பாத்துப் போட்டுக்கோ தம்பி" என்று போய்விட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஒரே வாரத்தில் பதினொரு போன் வந்துவிட்டது. எது யாருடையது என்று தெரியாமல் பிளாஸ்திரி வெட்டி நம்பர் ஒட்டினேன். உங்கள் ஐந்தாவது பத்தி எனக்கு மறக்கவில்லை. அது கையெழுத்துக்கும் முத்திரைக்கும் சேர்ந்த ஒரு சடங்கு என்று நினைத்தேன். எல்லாம் அவரவர் விருப்பப்படிதானே நடக்கிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

பெரியப்பாவை நான் கேட்கவில்லை. அவராகத்தான் வந்தார். ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதனால் கேட்ட மாதிரிதான். மற்றவர்களிடம் இரண்டாவது நம்பர் இருந்தது. அவரிடம் இருபது வருஷமாக ஒரே நம்பர், வங்கியும் கணக்கும் எல்லாம் அதில்தான். இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "என்னத் தேடறவன் குடோனுக்கு வருவான், வுடு" என்றார். நடுவில் கனெக்ஷன் போனால் மறுபடி ஓடிபி கேட்கும் என்பதால் சந்தை மூடும்வரை போன் இங்கேயே இருக்கும். காலையில் எட்டரைக்கு டீ குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து எடுத்துக்கொள்வார். உங்களுக்குத் தெரிந்தால் ஏசுவீர்கள் என்பதால் அந்த நேரத்தில் நீங்கள் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்று பேச்சு. நீங்கள் மத்தியானத்தில் கூப்பிடுவதே இல்லை, அதனால் அதுவரை சிக்கல் வரவில்லை.

அன்று 2.10-க்கு அது அடித்தது. திரையில் "பாப்பா" என்று வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். அடித்து நின்றது. 2.31-க்கு மறுபடி. மூன்றாவது தடவை அடித்தபோது கையில் எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், மணி ஓயும்வரை பார்த்தேன், ராக்கில் வைத்துவிட்டேன். எடுத்திருந்தால் நைனா எங்கே என்று கேட்டிருப்பீர்கள். நான் குடோனுக்குப் போயிருப்பேன். இங்கேயிருந்து பைக்கில் ஏழு நிமிஷம். இப்போது தினமும் போய் வருகிறேன், ஏழு நிமிஷம்தான் ஆகிறது.

ஐந்தரைக்கு அவர் வரவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஆறு மணிக்குக் கிளம்பினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பெரியப்பா வாசலுக்கு உள்பக்கம் நாலடியில் கிடந்தார். என் போனில் 108-க்கு அடித்தேன். அவருடைய போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "அவருது சாமானெல்லாம் ஒரு பையில போடுங்க" என்றார். கடிகாரத்தையும் கண்ணாடியையும் போட்டேன். போனையும் போட்டேன். அப்போது நான் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் உங்களுக்குப் போன மாதம் எழுதியது திட்டம் போட்டு எழுதியது. சட்டைப் பையில் இருந்தது என்று எழுதினேன், யார் சட்டை என்று எழுதவில்லை.

மறுநாளே புரோகிராமை நிறுத்திவிட்டேன். போன்களை எல்லாம் அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் வாங்க மறுத்தார்கள், லாபம்தானே வருகிறது என்றார்கள். தரகு ஆபீசில் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்தக் கடைசிப் பக்கத்தைத் தனியாக எழுதுகிறேன். அன்று காலை போனை வைக்கும்போது பெரியப்பா ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நடந்த பேச்சைப் பற்றியும் சொன்னார். "பாப்பா சொல்றதும் ஞாயந்தான் கண்ணு, எனக்கும் முடியறதில்ல. பொழுதோட நானே கூப்புட்டுச் சொல்லிப்போடறேன்." இதைச் சொல்லிவிட்டு டீ கிளாசைக் கழுவி வைத்தார். சாயங்காலம் உங்களைக் கூப்பிடுவதாகத்தான் இருந்தார். நீங்கள் கூப்பிட்டது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இல்யாஸ்

*

சென்னை
14 நவம்பர் 2025

இல்யாஸுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இனி ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். ஆமினா பீவி அத்தை வரலாம்.

செபிக்கும் சந்தைக்கும் புகார் எழுதியிருக்கிறேன். போலீசுக்கும் ஒரு நகல் போகிறது. வாடிக்கையாளரின் போனை வைத்திருந்தது, அவர் பெயரில் உள்ளே நுழைந்தது, அவர் இறந்த பிறகும் வியாபாரம் நடந்தது என்று நடந்தபடி எழுதியிருக்கிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வக்கீல் வைத்துக்கொள். காந்திபுரத்தில் ஒருவர் இருக்கிறார், பெயர் லட்சுமணசாமி, விலாசம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லாதே.

உன்னை நான் வெறுக்க வேண்டும். வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாவது பத்தியை நான் சுற்றறிக்கையைப் பார்த்து அப்படியே எழுதினேன். அது எதற்காக என்று நீ கேட்டிருந்தால், மோசடியைத் தடுப்பதற்கு என்று சொல்லியிருப்பேன். ஒரு மனிதனின் போன் அவன் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாதாரணமான காரணம் உண்டு என்பது எனக்கும் தோன்றவில்லை.

புகாரோடு உன் கடிதத்தை இணைத்திருக்கிறேன். கடைசிப் பக்கம் மட்டும் அதில் இல்லை. அது என்னிடம் இருக்கிறது.

நைனா அந்த வார்த்தையைச் சொன்னாரா, எனக்காக நீ எழுதினாயா என்று பத்து நாளாக யோசிக்கிறேன். டீ கிளாசை அவர் கழுவி வைப்பார் என்பது உண்மை. அவருக்கு "ஞாயந்தான்" என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது என்பதும் உண்மை. எதையும் எழுத்தில் கேட்டு வாங்குவது என் தொழில். இதை மட்டும் நான் கேட்கவில்லை. நீயும் இதற்குப் பதில் எழுதாதே.

பிரத்யுஷா